ஆர்டர் சயனோடைப்: நீலம் ஓடுகிறது, வெள்ளை மஞ்சளடிக்கிறது, தண்டு ஓரம் கலங்குகிறது

பெரணிக்காடு (கேள்வி):
வாடிக்கையாளர் தன் தோட்டத்துச் செடிகளைக் கொடுத்து, ஏ3 அளவில் ஒரே மாதிரி மூன்று சயனோடைப் (இரும்பு உப்புக் கலவை பூசிய தாளில் செடியை வைத்து, வெயில் காட்டி எடுக்கும் நீல அச்சு) பிரதி கேட்டிருக்கிறார். கலவை வழக்கமானதுதான்: 100 மி.லி. நீரில் 25 கிராம் பச்சை ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மி.லி. நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, பூசும்போது சம அளவு. தாள் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர். நடுப்பகல் வெயிலில் 12 நிமிடம். அலசும்போது பாதி நீலம் ஓடிவிடுகிறது. செடி இருந்த இடம் மஞ்சளாக நிற்கிறது. பெரணி கூர்மையாக விழுகிறது, தடித்த தண்டுகளின் ஓரம் மட்டும் கலங்கல். எங்கே தப்பு?

இரும்புநீலம்:
கலவை சரி. முதல் சந்தேகம் தாள் மேல்தான். நாள்பட்டுப் பழுக்காமல் இருக்க வாட்டர்கலர் தாள்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் என்ற காரப்பொருளைச் சேர்ப்பார்கள். இந்த அச்சின் நிறமியான பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகவே ஆகாது. தாளின் ஒரு துண்டை 10% சல்ஃபாமிக் அமிலத்தில் போடுங்கள். பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பினால் கார்பனேட் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, முழுத் தாளையும் குமிழ் அடங்கும்வரை அதிலேயே ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைத்த பிறகு பூசலாம். இந்த வேலை பூசுவதற்கு முன்புதான். ஃபெர்ரிசயனைடு கடும் அமிலத்தோடு சேர்ந்தாலோ, அதிகம் சூடேறினாலோ சயனைடு நச்சுவாயு வரும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் ஆர்ச் பிளாட்டின், ஹானமூலே பிளாட்டினம் ராக் போன்ற கார்பனேட் சேர்க்காத தாளை வாங்கிவிடுங்கள். ஆர்டர் வேலைக்கு அதுதான் நிம்மதி.

12 நிமிடம் என்ற கணக்கையும் விடுங்கள். வெயில் மணிக்கு மணி மாறும். செடி மூடாத இடத்தைப் பாருங்கள்: மஞ்சள்பச்சை நீலமாகி, அதையும் தாண்டிச் சாம்பல் பூத்து வெண்கலச் சாயல் தட்ட வேண்டும். அதற்கு முன் எடுத்தால் நீலம் தண்ணீரோடு போய்விடும்.

மஞ்சள் என்பது அலசலில் வெளியேறாத இரும்பு உப்பு. காரத்தன்மையுள்ள தண்ணீர் அதைத் தாளிலேயே துருவாகப் படிய வைத்துவிடும். முதல் தொட்டியில் லிட்டருக்கு 1 அல்லது 2 கிராம் சிட்ரிக் அமிலம் போட்டு 5 நிமிடம், பிறகு மஞ்சள் வடிவது நிற்கும்வரை ஓடும் நீர்.

உலர்இலை:
தண்டு விஷயம். தாளுக்கும் தண்டு விளிம்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்துவிடும். ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் 1843 முதல் பதித்த கடற்பாசிகளில் இந்தத் தொல்லை குறைவு; பாசி தாளோடு தாளாக ஒட்டிக்கொள்ளும். தடித்த தண்டைப் பிளேடால் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, வெட்டுப்பக்கம் தாளில் படும்படி வையுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் உறிஞ்சுதாள்களுக்கு நடுவே கனம் வைத்து உலர்த்த வேண்டும்; முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரம் மிச்சமிருந்தால் சாறு இறங்கிக் கறை விழும்.

அச்சுச் சட்டத்தில் (ஃபிரேம்), பூசிய தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் கொடுத்து அழுத்தினால், மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தாள் வளைந்து கொடுக்கும். சட்டத்தை நேராகச் சூரியனைப் பார்த்துச் சாயுங்கள். மேகமூட்டத்தில் நாலாபக்கமும் வெளிச்சம் சிதறும். பெரணி தாங்கும், தண்டு தாங்காது. மேலே சாதாரணக் கண்ணாடி போதும். புற ஊதா தடுக்கும் ஃபிரேம் கண்ணாடியைத் தெரியாமல் போட்டால் எவ்வளவு நேரம் வெயிலில் வைத்தாலும் நீலம் ஏறாது.

பெரணிக்காடு:
தாளில் குமிழ் வந்தது! மூன்றும் ஒன்றுபோல் வர என்ன வழி?

இருட்டறை:
செடியை எடுத்தெடுத்து வைத்தால் அச்சு அசலாக வராது. அதை ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். இம்மி பிசகக்கூடாது என்றால் செடிகளை ஸ்கேன் செய்து டிரான்ஸ்பரன்சி தாளில் நெகட்டிவ் எடுக்கலாம். ஆனால் அது நேரடிச் செடிப்பதிவு ஆகாது என்பதையும் வாடிக்கையாளர் அறிய வேண்டும்.

நிறமாவது ஒத்துப்போக, மூன்று தாளையும் ஒரே கலவையில், ஒரே நாளில் பூசுங்கள். ஏ3-க்கு சுமார் 10 மி.லி. பிரஷ்ஷில் இரும்புப் பட்டை கூடாது; துரு பட்ட இடமெல்லாம் நீலப்புள்ளி. இருட்டில் உலர்த்தி அன்றே பயன்படுத்துங்கள். வைத்திருந்தால் வெள்ளை தானாகவே நீலம் பூக்கும்.

அலசியதும் வெளுப்பாகத் தெரிவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். காற்று பட்டு ஒரு நாளில் கருநீலம் ஏறிவிடும். உடனே பார்க்க, லிட்டர் நீருக்கு ஒரு மூடி 3% ஹைட்ரஜன் பெராக்சைடு. முடிவான நிறம் அதற்குமேல் ஏறாது, சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

அச்சை ஒட்டி மாட்டும் அட்டையும் (மவுண்ட் போர்டு) கார்பனேட் இல்லாததாக இருக்கட்டும். நேர் வெயில் படும் சுவரில் மாட்டக்கூடாது, வெளுத்தால் சில நாள் இருட்டில் வைத்தால் பெருமளவு திரும்பும் என்று பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொடுங்கள்.