புதுத் தாய்மார் குழுக் கூட்டங்கள்: பலன் உண்டா என்று எப்படிக் கணக்கெடுப்பது?

களஒருங்கிணைப்பு என்ற பெயரில் ஒருவர் கேட்டது (பதில் சொன்ன பதிவேடு, அளவுகோல், குலுக்கல் ஆகியவையும் புனைபெயர்களே):
24 அங்கன்வாடிகளில் கைக்குழந்தை உள்ள தாய்மாருக்குக் குழுக் கூட்டம் நடக்கிறது. ஒரு குழுவுக்கு 12 பேர், குழந்தைக்கு 6 வாரம் ஆனதும் தொடக்கம், இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று 8 கூட்டம். தாய்ப்பால், தூக்கம், குழந்தையோடு பேச்சு விளையாட்டு, தாயின் மனநிலை எல்லாம் உண்டு. கடைசி நாளில் கருத்துப் படிவம் கொடுத்தால் அத்தனை பேரும் 'மிகவும் பயனுள்ளது' என்று டிக் போடுகிறார்கள். நிதி தருபவர்கள் இதை ஏற்கவில்லை. தனி ஆய்வுக்குழு வைக்கக் காசில்லை. எதை, எப்போது, யாரை வைத்து அளப்பது?

பதிவேடு:
கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் நல்ல பதில்தான் வரும். பிடிக்காதவர் நாலாவது கூட்டத்திலேயே நின்றிருப்பார். அதனால் சதவீதம் போடும்போது வகுக்கும் எண் முதல் நாள் பதிந்த எல்லோருமாக இருக்கட்டும். ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்தவரும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போனவர் குழந்தைக்கு 3 அல்லது 5 மாதம் ஆன பிறகுதான் புகுந்த வீடு திரும்புவார். குழு நடப்பது சரியாக அந்த மாதங்களில். வருகைப் பதிவேட்டில் 'நின்றுவிட்டார்' என்று எழுதப்படுபவர்களில் பலர் ஊர் மாறியவர்கள். 'விருப்பமில்லை', 'வீட்டில் விடவில்லை', 'ஊர் மாற்றம்' என மூன்று தனிக் குறியீடு வையுங்கள். பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் எண்) இரண்டு கைபேசி எண்ணும் (ஒன்று தாய்வீட்டு எண்) முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

எத்தனை பேரை எட்டினீர்கள் என்பதே முடிவைப் புரட்டிப் போடும். வங்கதேசத்தில் பச்சிளங்குழந்தை இறப்பைக் குறைக்கப் பெண்கள் குழுக்களை வைத்து ஆய்வு செய்தார்கள். சுமார் 1,414 பேர் மக்கள்தொகைக்கு ஒரு குழு இருந்தபோது பலன் தெரியவில்லை. 2010-ல் அந்த முடிவு வெளியானது. பிறகு 309 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கியபோது இறப்பு 38 சதவீதம் குறைந்தது (2013). உங்கள் பகுதியில் அந்த ஆண்டு பிறந்த குழந்தைகளில் எத்தனை பேரின் தாய் குழுவுக்கு வந்தார் என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே போடுங்கள்.

அளவுகோல்:
மனநிலைக்கு எடின்பரோ அளவுகோல் போதும்; பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் கேள்வித்தாள் அது, மதிப்பெண் கூடினால் சோர்வு அதிகம். 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, கடந்த 7 நாளைப் பற்றி மட்டும். தவறு நடப்பது மதிப்பெண் போடும் இடத்தில்: 1, 2, 4 கேள்விகளுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3; மீதி ஏழுக்கும் தலைகீழாக 3, 2, 1, 0. கணினியில் ஏற்றுபவருக்கு இது தெரியாவிட்டால் மொத்தத் தரவும் வீண். பிற நாடுகளில் வழங்கும் 13 என்ற எல்லையை அப்படியே எடுக்காதீர்கள். தமிழ் வடிவத்தைச் சரிபார்த்தபோது 8/9-தான் (9-உம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டியவர்) பொருந்தி வந்தது. திட்டங்களை ஒப்பிட எல்லையைத் தாண்டியவர்களை எண்ணுவதைவிட சராசரி மதிப்பெண்ணே மேல்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் எல்லாம் பூஜ்யம்தான் வரும். குழு நடத்துபவரே கேட்டாலும் அதே கதை, அவர் மனம் நோகக்கூடாது என்று சொல்வார்கள். குழுக்களை மாற்றிக்கொள்ளுங்கள்: இந்த ஊர்ப் பணியாளர் அடுத்த வட்டாரத்தில் கேட்கட்டும்.

10-வது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 கையில் இருக்கட்டும். இந்த ஏற்பாடு இல்லாமல் படிவத்தையே நீட்டாதீர்கள்.

தாய்ப்பாலுக்கு 'நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை குழந்தை வாயில் என்னென்ன போனது?' என்று கேளுங்கள். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப்வாட்டர், உரைமருந்து ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் 'தாய்ப்பால் மட்டும்தான்' என்பார்கள். மருந்துச் சொட்டு கணக்கில் வராது, தண்ணீர் வரும். உரைமருந்தைத் தனிக் கட்டத்தில் குறித்துவையுங்கள், பிறகு முடிவு செய்யலாம்.

குலுக்கல்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒப்பிட ஆள் இல்லாமல் ஒன்றும் நிற்காது. பிரசவமாகிச் சில மாதங்களில் பலருக்கு அந்த மனச்சோர்வு மதிப்பெண் தானாகவே இறங்கும். அதை உங்கள் குழுவின் சாதனையாக எழுதிவிடக் கூடாது. அடுத்த சுற்றைச் சீட்டுக் குலுக்கி 12 அங்கன்வாடிகளில் இப்போது தொடங்குங்கள், மற்ற 12-ல் அடுத்த ஆண்டு. காத்திருக்கும் ஊர்களில் இப்போது பிறந்த குழந்தைகளையே அதே வயதில் அளக்க வேண்டும்.

அளக்கும் நாளுக்குத் தடுப்பூசி நாள் கைகொடுக்கும். 6 வாரத்தில் பென்டாவேலன்ட், 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா; குழுவுக்கு வராதவரும் ஊசிக்கு வருவார். நடுவில் 5 மாதம் முடியும்போது தாய்ப்பால் கேள்விக்கு ஒரு போன். 9 மாதத்தில் இணை உணவு: தாய்ப்பாலையும் சேர்த்து 8 உணவு வகையில் 5 போனதா, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரு நாளில் 3 வேளை கிடைத்ததா.

24 ஊரில் 12 பேர் வீதம் 288 பேர் என்று மகிழ வேண்டாம். ஒரே ஊர்ப் பெண்கள் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவை (உள்தொடர்பு) 0.05 என்று வைத்தால் 1 + (12−1)×0.05 = 1.55, 288-ஐ அதால் வகுத்தால் சுமார் 186 பேர் அளவுக்குத்தான் பலம். பாதிப் பாதியாகப் பிரித்தால் பக்கத்துக்கு 93. சிறு மாற்றம் அதில் தெரியாது.

களஒருங்கிணைப்பு:
நன்றி. அப்பாக்களைச் சேர்க்கலாமா?

அளவுகோல்:
கூட்டத்துக்கு வரமாட்டார்கள். இரவு போனில் 'நேற்று குழந்தையை யார் குளிப்பாட்டியது, யார் தூங்க வைத்தது' என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாத இடங்களையும் எண்ணிக் குறியுங்கள்.