தண்ணீர் ஊற்றியே தக்காளிச் செடியைக் கெடுத்தேன்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தொட்டியில் ஆறு தக்காளிச் செடிகள் வைத்திருந்தேன். கோடையில் தினமும் மதியம் இலைகள் தொங்கிவிடும். பார்க்க மனசு கேட்காமல் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவேன். சாயங்காலம் நிமிர்ந்துவிடும். நான் ஊற்றியதால்தான் பிழைத்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஊற்றாவிட்டாலும் நிமிர்ந்திருக்கும். உச்சி வெயிலில் இலையிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. இலை தொங்கினால் அதன்மேல் விழும் வெயில் குறையும். வெயில் தாழ்ந்ததும் வேர் உறிஞ்சிச் சரிசெய்துவிடும்.

பத்து நாளில் மண் சேறாகிவிட்டது. அப்புறம் காலையிலேயே செடிகள் தொங்க ஆரம்பித்தன. நான் இன்னும் ஊற்றினேன். நான்கு செடிகள் போய்விட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பேறிக் கொழகொழவென்று, ஒரே நாற்றம்.

நீர் தேங்கிய மண்ணில் வேருக்கு மூச்சு முட்டுகிறது. தண்ணீரில் நின்றுகொண்டே தண்ணீரை உறிஞ்ச முடியாத நிலை. அந்த வேர் ஏசிசி என்ற பொருளை மேலே அனுப்புகிறது. அது எத்திலீன் வாயுவாக மாற ஆக்ஸிஜன் வேண்டும். வேரில்தான் அது இல்லையே, அதனால் மேலே போய் மாறுகிறது. உடனே இலைக்காம்பின் மேல்பக்கச் செல்கள் மட்டும் நீண்டு, காம்பு கீழே வளைகிறது. இலை துவளாமல் விறைப்பாக இருந்து காம்பு மட்டும் வளைந்திருந்தால், அது தண்ணீர் கேட்கவில்லை, போதும் என்கிறது. மிஞ்சிய இரண்டு செடிகளிலும் அப்படித்தான் இருந்தது. எனக்குத்தான் அன்று படிக்கத் தெரியவில்லை. இப்போது மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்காமல் ஊற்றுவதே இல்லை.

பதில்:
அக்கா, எனக்கு நேர் எதிரான அனுபவம். மூன்று வாரம் தண்ணீரே காணாத ரணகள்ளி கொஞ்சமும் வாடாமல் நின்றது. பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும் செடி அது. விடிந்தபின் கதவைத் திறக்காமலே அதை எடுத்துச் சமைத்துக்கொள்ளும். பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் இதை நாக்காலேயே கவனித்து 1815-ல் வெளியிட்டார்: காலையில் புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் லேசான கசப்பு. நானும் விடிகாலையில் இலை நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். நல்ல புளிப்பு! விழுங்கிவிடாதீர்கள், அதில் நச்சுப் பொருள்களும் உண்டு.

பதில்:
தக்காளிக்குக் கிளை கிள்ளும்போதெல்லாம் விரல் மஞ்சள்பச்சையாகி, அப்புறம் கறுத்துவிடும். சோப்புப் போட்டால் நுரையே மஞ்சளாக வரும். அழுக்கு என்றே நினைத்திருந்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் தண்டு முழுக்கக் குட்டித் தலை வைத்த முடிகள் தெரிந்தன. பட்டதும் உடைந்து பிசின் வடிகிறது, சின்னப் பூச்சிகள் அதில் ஒட்டிச் செத்துக் கிடந்தன. இது வெளிக்காவல். உள்ளே இன்னொன்று இருப்பதை 1972-ல் கிரீன், ரயான் இருவரும் காட்டினார்கள்: ஒரு இலையை வண்டு கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் சேர்கிறது. அதைப் படித்த பிறகு, ஒரு இலையில் ஓட்டை விழுந்ததும் மருந்தைத் தூக்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன்.

சரி, அந்த இரண்டு செடிகளும் பிழைத்தனவா அக்கா?

பதில்:
பிழைத்தன தம்பி. தண்ணீரை நிறுத்திய பிறகு பார்த்தால், மண்ணுக்குச் சற்று மேலே அடித்தண்டில் வெள்ளை வெள்ளையாகப் புது வேர் முட்டிக்கொண்டு வந்திருந்தது. காற்று கிடைக்கும் இடமாகப் பார்த்து விட்டிருக்கிறது. அதைச் சுற்றி உலர்ந்த மண்ணை அணைத்துவிட்டேன். இரண்டும் காய்த்தன.