அக்சஷன் ரிஜிஸ்டர், கேட்டலாக், ஷெல்ஃப் லிஸ்ட்: ஊர் படிப்பகத்துக்கு எது எது வேணும்?

காவிரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல பழைய பால் சொசைட்டி கட்டடத்துல படிப்பகம் ஆரம்பிக்கிறோம், வெளியூர்ல இருக்கறவங்க, ரிட்டையர் ஆன வாத்தியாருங்கன்னு ஆளாளுக்கு குடுத்து 1,500 புத்தகம் கிட்ட சேந்துடுச்சு, பீரோவும் வந்தாச்சு. எல்லாத்தையும் எழுதி வைக்கலாம்னு உக்காந்தா தலை சுத்துது. ஒருத்தர் அனுப்பின இங்கிலீஷ் கையேட்டுல அக்சஷன் ரிஜிஸ்டர், கேட்டலாக், ஷெல்ஃப் லிஸ்ட், இண்டெக்ஸ், இஷ்யூ ரிஜிஸ்டர், மெம்பர் லெட்ஜர்னு வரிசையா போட்டிருக்கு. பாத்தா எல்லாமே புத்தகப் பேரை எழுதற பட்டியலாதான் தெரியுது, ஒரே எக்செல் ஷீட்ல போட்டுட்டா போதாதா? சாயங்காலம் வர்ற காலேஜ் பசங்கதான் இதெல்லாம் பாத்துக்கணும், அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய நூலகர்

தம்பி, நல்ல காரியம் பண்றீங்க. ஒவ்வொரு பட்டியலும் யாரோட கேள்விக்குப் பதில் சொல்லுதுன்னு பாருங்க, குழப்பம் தீந்துடும்.

அக்சஷன் ரிஜிஸ்டர் நிர்வாகத்துக்கானது. நம்ம கிட்ட என்ன சொத்து இருக்கு, எப்ப வந்துச்சு, யார் குடுத்தா, என்ன விலை, இதான் அதுல இருக்கும். வந்த வரிசையில 1, 2, 3ன்னு நம்பர் போகும். முக்கியமா, நம்பர் பிரதிக்குத்தான், தலைப்புக்கு கிடையாது. ஒரே அகராதி ரெண்டு வந்தா ரெண்டு வரி, ரெண்டு நம்பர். அந்த நம்பரை டைட்டில் பக்கத்துக்குப் பின்னாடியும், உள்ள ஏதாவது ஒரு குறிப்பிட்ட பக்கத்துலயும் (எல்லா புத்தகத்துலயும் அதே பக்கம்) எழுதிடுங்க, முன்பக்கத்த கிழிச்சாலும் நம்ம புத்தகம்னு தெரியும். ஒண்ணு தொலைஞ்சு போச்சுன்னா அந்த நம்பரை வேற புத்தகத்துக்குக் குடுக்கவே கூடாது, ரிமார்க்ஸ் காலத்துல (குறிப்பு எழுதற நெடுக்குக் கட்டம்) 'நீக்கம்'னு தேதி போட்டு எழுதணும். பக்க நம்பர் போட்ட பைண்டு நோட்டுலயே எழுதுங்க, நாளைக்கு பொறுப்பு கை மாறும்போது யாரும் கேள்வி கேக்க முடியாது.

கேட்டலாக் வாசகருக்கானது. அவரு உங்க அக்சஷன் நம்பரை தெரிஞ்சுகிட்டா வருவாரு? எழுத்தாளர் பேரோட வருவாரு, இல்லன்னா "தேனீ வளர்ப்பு பத்தி ஏதாவது இருக்கா"ன்னு கேப்பாரு. அதனாலதான் அந்தக் காலத்துல ஒரு புத்தகத்துக்கு எழுத்தாளர் கார்டு, தலைப்பு கார்டு, பொருள் கார்டுன்னு தனித்தனியா 12.5 × 7.5 செ.மீ. கார்டுல எழுதி இழுப்பறையில அடுக்கினோம். எத்தனை வழியா தேடினாலும் ஒரே பீரோவுல போய் நிக்கணும். நம்ம நாட்டு நூலகத் துறை முன்னோடி ரங்கநாதன் 1931-ல நூலகத்துக்குச் சொன்ன அஞ்சு விதியில 'வாசகர் நேரத்தை மிச்சப்படுத்து'ன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு கேட்டலாக்தான் உயிர்.

ஷெல்ஃப் லிஸ்ட், தட்டுல புத்தகம் நிக்கற அதே வரிசையில இருக்கற பட்டியல். வருஷக் கடைசியில ஸ்டாக் பாக்கும்போது ஒருத்தர் படிப்பாரு, இன்னொருத்தர் தட்டைப் பாத்து 'இருக்கு, இல்ல' சொல்லுவாரு.

இண்டெக்ஸ் இப்ப உங்களுக்கு வேண்டாம். பழைய பத்திரிகைய பைண்டு பண்ணி வச்சீங்கன்னா, எந்தக் கட்டுரை எந்தத் தொகுதியில எந்தப் பக்கம்னு காட்ட அப்ப போடுங்க.

யுனிகோடு பித்தன்

ஐயா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். நோட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும், கம்ப்யூட்டர்ல ஒரு ஷீட் போதும், ஆனா ஒரு வரி ஒரு பிரதிக்குன்னு கண்டிப்பா வச்சுக்கங்க. எழுத்தாளர் வாரியா அடுக்கினா அது கேட்டலாக், தட்டு வரிசையில அடுக்கினா ஷெல்ஃப் லிஸ்ட். யார் எடுத்துட்டுப் போனாங்கறத மட்டும் இதே ஷீட்ல போடாதீங்க, ஒரு புத்தகம் பத்து பேர் கைக்குப் போகும், பத்து பேரையும் எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?

எழுத்தாளர் பேர்லதான் எல்லாரும் வழுக்குறாங்க. ஒரு பையன் புதுமைப்பித்தன்னு அடிப்பான், இன்னொருத்தன் சொ. விருத்தாசலம்னு அடிப்பான், ஒரே ஆள் ரெண்டு இடத்துல போயிடுவாரு. ஊருக்குத் தெரிஞ்ச பேரை ஒண்ணா வச்சு, மத்த பேருக்கு 'இதைப் பாக்கவும்'னு தனி ஷீட் போடுங்க. இனிஷியலுக்கு தனி காலம், இல்லன்னா பட்டியல் பூரா இனிஷியல் வரிசையிலதான் நிக்கும்.

அப்புறம் தமிழ் அகரவரிசை. கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் வச்சிருக்கற யுனிகோடு நம்பர் வரிசையில ந முடிஞ்ச உடனே ன வருது, ர-வுக்கு அடுத்து ற, அப்புறம் ல, ள, ழ, வ. நம்ம வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. லிப்ரே ஆபீஸ் கால்க்ல (எக்செல் மாதிரி இலவச மென்பொருள்) சார்ட் பண்ணும்போது ஆப்ஷன்ஸ்ல மொழியைத் தமிழ்னு மாத்திக்கங்க.

காவிரிக்கரை

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இப்பத்தான் தெளிவாச்சு. தட்டு வரிசைக்கு டூயி நம்பர் (புத்தகத்தைப் பொருள் வாரியா பிரிக்கற எண் முறை) போடணுமா? இஷ்யூ ரிஜிஸ்டரும் லெட்ஜரும் ரெண்டும் வேணுமா?

மளிகைக்கடை வாரிசு

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன் அண்ணே. கடையில நாள் கணக்குன்னு ஒண்ணு, பேரேடுன்னு ஒண்ணு வச்சிருப்போம்ல, அதேதான். இஷ்யூ ரிஜிஸ்டர் தேதி வாரியா போகும், இன்னிக்கு எத்தனை புத்தகம் போச்சுன்னு சொல்லும். லெட்ஜர்ல ஆளுக்கு ஒரு பக்கம், இன்னார் கிட்ட எது பாக்கின்னு ஒரே பார்வையில தெரியும். கம்மி ஆள்னா ரிஜிஸ்டர் மட்டும் போதும், திரும்பி வந்த தேதிக்கு ஒரு காலம் விட்டுக்கங்க.

பழைய நூலகர்

டூயி முறையில தமிழ் இலக்கியத்துக்கு 894.811, நாவல் சிறுகதைன்னா கடைசியில ஒரு 3. ரங்கநாதனோட கோலன் முறையில இலக்கியத்துக்கு இங்கிலீஷ் O-ங்கற எழுத்து, தமிழுக்கு 31, புனைகதைக்கு 3. எதை எடுத்தாலும் உங்க புத்தகத்துல பெரும்பகுதி கதைன்னா எல்லாம் ஒரே நம்பர்ல வந்து குவியும், அதுக்குள்ள எழுத்தாளர் பேரோட முதல் ரெண்டு எழுத்தை முதுகுல ஒட்டித்தான் பிரிக்கணும். அதனால கதை, கவிதை, வரலாறு, விவசாயம், மருத்துவம், குழந்தைகள்னு ஒரு பத்து பிரிவு வச்சு கலர் லேபிள் ஒட்டுங்க. ஷீட்ல வகுப்பு எண்ணுக்கு (மேல சொன்ன டூயி, கோலன் மாதிரி நம்பர்) ஒரு காலத்தை மட்டும் காலியா விடுங்க, வளந்ததும் போட்டுக்கலாம்.

இன்னொண்ணு தம்பி. ரிஜிஸ்டர்ல நம்பர் போடறதுக்கு முன்னாடியே கரையான் அரிச்சது, பழைய கைடு, பக்கம் போனது எல்லாத்தையும் கழிச்சுக் கட்டிடுங்க. ஒருதடவை நம்பர் விழுந்துடுச்சுன்னா அதை நீக்கறதுக்கு கமிட்டித் தீர்மானம் போடணும், கையெழுத்து வாங்கணும், பசங்க அதுலயே சோர்ந்துடுவாங்க.