மனசு உறுத்தலோட கோவிலுக்குப் போன அனுபவம் இருந்தா சொல்லுங்க

முத்துநகர் பொண்ணு:
அப்பா போன் பண்ணப்போ ஆபீஸ்ல இருந்தேன், சாயங்காலம் பேசிக்கலாம்னு கட் பண்ணிட்டேன். சாயங்காலம் அப்பா இல்ல. அஞ்சு வருஷமா ஒவ்வொரு தவக்காலமும் பாவசங்கீர்த்தனத்துல, அதான் ஃபாதர்கிட்ட பாவத்தச் சொல்லி மன்னிப்பு கேக்கறதுல, இதையேதான் சொல்றேன், மூணு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லுன்னு அனுப்பிடுவாங்க. போன வருஷம் வேளாங்கண்ணில வயசான ஃபாதர் ஒருத்தர், கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அப்பா உன்ன என்னன்னு கூப்பிடுவாரும்மா"ன்னார். வாயத் தெறந்தா சத்தமே வரல, கம்பியப் புடிச்சுகிட்டு பாப்புன்னேன். அந்தப் பேரச் சொல்லித்தான் பாவமன்னிப்பு குடுத்தார். லைன்ல நின்னவங்க பாக்க அங்கயே உக்காந்துட்டேன்

பாளை அண்ணன்:
சிஸ்டர் தப்பா எடுத்துக்காதீங்க, நாங்க சிஎஸ்ஐ, புராட்டஸ்டண்ட் சபை, பாவத்த நேரா ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணா போதும், 1 யோவான் 1:9 அதத்தான சொல்லுது, நடுவுல ஆள் எதுக்கு? நான் சொத்துத் தகராறுல எங்க அண்ணன கோர்ட்டுக்கு இழுத்தவன். லெந்து நாள்ல, அதான் நீங்க சொல்ற தவக்காலத்துல, மன்னிப்பு கேக்கப் போனேன், கேட்டத் தெறக்கல, மதினி மட்டும் கம்பி வழியா ஒரு செம்பு தண்ணி குடுத்தாங்க. அவ்ளோதான். ஆனா ஒண்ணு கேளுங்க, ஆண்டவரக் காட்டிக்குடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான், அதுக்கு வாங்கின 30 வெள்ளிக்காசத் திருப்பிக் கொண்டுபோனான், அவரத் தெரியாதுன்னு மறுதலிச்ச பேதுருவும் அழுதான், வித்தியாசம் என்னன்னா யூதாஸ் போனது பிரதான ஆசாரியர்கிட்ட, பேதுரு கரையில நிக்கிறது ஆண்டவர்னு தெரிஞ்சதும் கடல்ல குதிச்சு அவர்கிட்டயே போனான். அதனால டெய்லி காலைல 51ம் சங்கீதம் வாசிங்க, மூணு நாள் உபவாசம் இருங்க, அப்பா போட்டோவப் பாத்துப் பாத்து அழுறத மொதல்ல நிறுத்துங்க

குளச்சல் கடல்:
அண்ணே, அந்தப் பிள்ளை உபவாசமா கேட்டுச்சு? அழட்டும் விடுங்க. 2017 ஓகி புயல் சமயம் எனக்குக் காய்ச்சல், எனக்குப் பதிலா தம்பி போட்ல போனான். வரல. உடம்பும் கெடைக்கல. நீங்க சொன்ன பேதுரு கடல்ல குதிச்ச கதை வர்ற யோவான் 21லயே இன்னொண்ணு இருக்கு, கரையில மீன் சுட்ட கரிநெருப்பு. பேதுரு மறுதலிச்ச ராத்திரி குளிர்காஞ்சதும் கரிநெருப்புலதான், 18ம் அதிகாரம். அந்தப் புகை வாசத்துக்கே அவனுக்கு நெஞ்சு அடைச்சிருக்கும். எங்க பங்குச்சாமியார் ஆறுதல்னு ஒரு வார்த்தை சொல்லல, சாயங்காலமானா வந்து பக்கத்துல உக்காந்திருப்பார், ஒருநாள் தம்பி வலைய எடுத்து மடியில போட்டு கிழிஞ்ச கண்ணியத் தைக்க ஆரம்பிச்சார், அத்தனையும் தப்பு. பொறுக்கமாட்டாம நான் வாங்கிப் பிரிச்சுத் தைச்சேன். அவன் போன பிறகு அந்த வலைய அன்னைக்குத்தான் தொட்டேன்

முத்துநகர் பொண்ணு:
பாளை அண்ணா, அந்தத் தண்ணியக் குடிச்சீங்களா?

பாளை அண்ணன்:
குடிச்சேம்மா. செம்பத் திருப்பிக் குடுக்கும்போது ஜன்னல்ல அண்ணன் நின்னாரு