வாரம் ஒரு முறை மாத்திரை: தாயார் தவறவிடாதிருக்க வழி வேண்டும்

தண்டையார்பேட்டையில் என்னுடன் வசிக்கும் என் தாயாருக்கு வயது 72. முடக்குவாதத்திற்காக ஞாயிறு இரவு மட்டும் மெத்தோட்ரெக்சேட்டும் (மூட்டு அழற்சியை அடக்கும் மருந்து) மறுநாள் ஃபோலிக் அமிலமும் (அதன் பக்கவிளைவைக் குறைக்கும் வைட்டமின்) எட்டு மாதங்களாக மருத்துவர் எழுதித் தருகிறார். வலி தணிந்த வாரங்களில் தாயார் மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிடுகிறார். அது வலிநிவாரணி அன்று, பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும் என்று எத்தனை முறை விளக்கியும் ஏற்பதில்லை. மறுநாள் குமட்டுவதும் ஒரு காரணம்.

நாட்காட்டியில் குறித்தேன், கைப்பேசியில் மணி வைத்தேன். மாத்திரைப் பெட்டி வாங்கினால் வளைந்த விரல்களால் மூடியைத் திறக்க முடியவில்லை. இரண்டும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள் என்பதால் ஒரு முறை மாற்றியும் எடுத்துவிட்டார் (தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தான மருந்து மெத்தோட்ரெக்சேட்).

ஞாயிறு இரவுகளில் நான் துறைமுகப் பணியில் இருப்பதால், மருத்துவரிடம் கேட்டு அந்த நாளை மாற்றிக்கொண்டு, மாத்திரையை நானே கையில் கொடுத்துப் பயனடைந்தவர்கள் யாரேனும் உண்டா?