கண்டக்டர் தம்பி பேசுறதில்ல, எப்படிச் சரி பண்றது?

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மதுரை ஆரப்பாளையத்துல இருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியா தேனி போற தனியார் வண்டியில டிரைவரா இருக்கேன். 11 வருஷ சர்வீஸ். கூட வர்ற கண்டக்டர் தம்பி சேர்ந்து 4 மாசம்தான்.

போன வாரம் செக்கானூரணியில ஒரு வயசான அம்மா இறங்கிக்கிட்டு இருக்கும்போதே வண்டிய எடுக்கச் சொல்லி ரெட்டை விசில் குடுத்துட்டான். கண்ணாடியப் பார்த்ததால நான் வண்டிய எடுக்கல. கடவுள் புண்ணியம். ஆனா அந்தப் பதட்டத்துல பயணிகள் முன்னாடியே அவனைத் திட்டிட்டேன். அது என் தப்பு. அன்னையில இருந்து விசில் மட்டும்தான், பேச்சு இல்ல. டீக்குக்கூட தனியாப் போறான்.

வெறும் மனஸ்தாபம்னு இதை விட முடியலண்ணே. பின்படிக்கட்டுக்கு அவன் கண்ணுதான் என் கண்ணு. ஸ்டாண்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது அவன் தட்டிச் சொன்னாத்தான் தைரியம். அவன் அவசரமும் புரியுது. பின்னாடி வண்டி வந்துரும், கலெக்ஷன் கொறஞ்சா ரெண்டு பேருக்கும் படிக்காசு கொறையும்.

ஓனர்கிட்ட சொல்ல மனசு வரல. அவன் வேலை போயிரும், அவன் வீட்டுல கைக்குழந்தை இருக்கு.

மன்னிப்பு கேக்கப் போறேன். விசில் விஷயத்தையும் அப்பவே பேசலாமா, ரெண்டு நாள் கழிச்சா? பல வருஷம் ஒரே ஜோடியா ஓடுனவங்க சொல்லுங்க. கண்டக்டர் அண்ணன்மார் சொன்னா இன்னும் நல்லது. நாளைக்கு விடியக்காலம் முதல் நடை, அதுக்குள்ள உங்க பதிலைப் பார்த்துருவேன்.