எல்-1பி-யில் டாலஸ் போகிறோம், மனைவி வேலைக்குப் போக முடியுமா?

சிறுசேரி_சீனு:
வணக்கம். ஒரே கம்பெனியில் ஆறு வருடம். அமெரிக்காவில் டாலஸ் ஆபீஸுக்கு மாற்றுகிறார்கள், பிளாங்கெட் எல்-1பி (கம்பெனிக்கு மொத்தமாகக் கிடைத்த ஒப்புதலின் கீழ், கம்பெனிக்கே உரிய சிறப்பு அறிவு உள்ளவருக்குத் தரும் இடமாற்ற விசா). எனக்குக் கீழே ஆள் யாரும் இல்லை, எங்கள் சொந்த பில்லிங் டூலைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவி ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள். "அங்கே வந்து சமையல் மட்டும் என்றால் நான் வரவில்லை" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மகனுக்கு நாலரை வயது. எச்-1பி-க்கு (வழக்கமான வேலை விசா) காத்திருப்பது மேலா? என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருடம் இருக்கிறது, அதனால் அதில் பிரச்சினை இல்லை.

பிளேனோ_பாலு:
எச்-1பி-க்குக் குலுக்கலில் பெயர் வர வேண்டும், வந்தாலும் அதற்கான குடும்ப விசாவான எச்-4-ல் வரும் மனைவிக்கு உடனே வேலை கிடையாது. எல்-1-க்குக் குலுக்கலே இல்லை. 2021 நவம்பரிலிருந்து எல்-2-ல் (எல்-1-க்கான குடும்ப விசா) வரும் மனைவிக்குத் தனி வேலை அனுமதி அட்டை தேவையில்லை. இறங்கியதும் அவர் ஐ-94-ல் (நாட்டுக்குள் நுழையும்போது போடும் பதிவு) 'எல்-2எஸ்' என்று இருக்கிறதா பாருங்கள், வேலையில் சேர அதுவே போதும்.

ஆனால் நீங்கள் கம்பெனி மாற முடியாது. வேலை போனால் அவர் அனுமதியும் கூடவே போகும். எல்-1பி மொத்தம் 5 வருடம்தான், மேலாளர்களுக்கான எல்-1ஏ என்றால் 7.

கூடுவாஞ்சேரி_அக்கா:
தம்பி, பாஸ்போர்ட் பற்றி நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பகீர் என்றது. அதுதான் பிரச்சினையே!

2016-ல் நானும் இப்படித்தான் டெக்சாஸ் போனேன். பாஸ்போர்ட்டில் 11 மாதம் பாக்கி. விசா ஸ்டாம்பில் ஐந்து வருடம் போட்டிருந்ததைப் பார்த்து அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப்பில் எல்லாம் போட்டேன். ஐ-94-ஐத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து டிரைவிங் லைசென்ஸ் தபாலில் வந்தது. அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன், பத்தே மாதத்தில் காலாவதி. தப்பாக அடித்துவிட்டார்கள் என்று சண்டை போடக் கிளம்பினேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினாள்: பாஸ்போர்ட் முடியும் நாளோடு என் ஐ-94-ஐ நிறுத்திவிட்டார்கள், லைசென்ஸும் அதையே பிடித்துக்கொண்டது.

ஸ்டாம்ப் என்பது வாசல் வரை வருவதற்கு. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது ஐ-94-ல்தான். பாஸ்போர்ட் சரியாக இருந்தாலும் பிளாங்கெட்டில் ஐ-129எஸ் (பிளாங்கெட் எல்-1-க்கான படிவம்) தேதிப்படி 3 வருடம்தான் தருவார்கள், ஸ்டாம்பில் ஐந்து இருந்தாலும். நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, வெளியே போய்த் திரும்பி வந்துதான் சரிசெய்தேன். டிக்கெட் என் கைக்காசு.

இப்போதே புதுப்பித்துவிடுங்கள். முத்திரை போட்ட ஐ-129எஸ்ஸைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், இறங்கும் இடத்தில் கேட்பார்கள்.

அப்புறம், இன்டர்வியூவில் "ஜாவா தெரியும்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஜாவா தெரிந்தவர்கள் அங்கேயே தெருவுக்குத் தெரு. அந்த பில்லிங் டூலில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன, அதை வெளி ஆளுக்குக் கற்றுத்தர எத்தனை மாதம் ஆகும், இதைச் சொல்லுங்கள்.

பிளேனோ_பாலு:
அக்கா சொன்னதோடு ஒன்று. கிளையன்ட் ஆபீஸில் உட்கார வைத்து, அவர்களே வேலை வாங்குவது போல இருந்தால் எல்-1பி நிற்காது. எந்த முகவரியில் வேலை என்று எழுத்தில் வாங்குங்கள்.

சிறுசேரி_சீனு:
ரொம்ப நன்றி. டாலஸில் எங்கள் சொந்த ஆபீஸ்தான், கடிதத்தில் இருக்கிறது. தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் புதன்கிழமை அப்பாயின்ட்மென்ட் கிடைத்துவிட்டது. அக்கா சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் பீரோவைத் திறந்து மகனின் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். குழந்தைகளுக்கு ஐந்து வருடம்தானே? அவனுடையது இன்னும் ஒன்பது மாதத்தில் முடிகிறது.